எங்கள் தோட்டத்தில் பறந்த அரிக்கேன்

யுத்த காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் வயதுக்காரர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் தொடங்குகிறோம். சீமெண்ணெய்க்கு வரிசையில் நின்றது, பர்மா அரிசி வராமல் போய்ப் பணக்காரர் வீட்டிலும் சோளச்சோறு பொங்கியது, சப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணத்திலிருந்து சட்டிபானையோடு ஓடிவந்தவர்கள். நீங்கள் சொல்ல நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். என் முறை வரும்போது நான் சொல்வது ஒன்றுதான். எங்கள் தோட்டத்தில் ஒரு போர் விமானம் பறந்தது. பார்த்ததோடு சரி என்று நினைக்காதீர்கள். அதைக் கட்டி இழுத்த கயிறு என் கையில் இருந்தது.

சிரிக்கிறீர்கள். சிரித்து முடித்துவிட்டுக் கேளுங்கள்.

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் சாலையில், புதுச்சத்திரம் தாண்டிச் சற்று தூரத்தில் எங்கள் தோட்டம் இருந்தது. வீட்டில் அப்பா, அம்மா, அண்ணன், அவனுக்குத் தங்கையாக நான். எனக்குப் பத்து வயது இருக்கும். அண்ணன் நாமக்கல்லில் படிப்பை முடித்துவிட்டு வந்து, ஏர் பிடிக்கிறான் என்று பெயர் பண்ணிக்கொண்டு திரிந்தான். அப்பாவுக்கு மகன் ஒன்று, ரேக்ளாப் பந்தயத்துக்கென்று வளர்த்த காளைகள் இரண்டு. மூன்று பேரையும் ஒரே குரலில்தான் அதட்டுவார். ஆனால் தட்டிக்கொடுப்பது காளைகளை மட்டும்தான்.

அந்த வருஷம் அறுவடை முடிந்த கையோடு, யுத்த நிதி திரட்டுவதற்காகச் சேலத்தில் ஒரு மைதானத்தில் நிஜமான போர் விமானம் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். வெல்லம் ஏற்றிக்கொண்டு மண்டிக்குப் போன அண்ணன், அதைப் பார்க்கப் போய்விட்டான். சாயங்காலம் வரவேண்டியவன் மறுநாள் மத்தியானம் வந்தான். முட்டியெல்லாம் சிராய்ப்பு. சட்டையில் புழுதி. அப்பா கட்டிலில் உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கடா போனே?"

"அரிக்கேன் பாத்துட்டு வந்தேனுங்கப்பா."

"அரிக்கேனா? நம்மூட்டுல ரெண்டு தொங்குது. அதைப் பாக்கவா சேலத்துல ஒரு ராத்திரி தங்குனே?"

"வெளக்கு இல்லீங்கப்பா. ஏரோப்ளேன். அதுக்கும் அரிக்கேன்னுதான் பேரு."

அப்பா பாக்குவெட்டியை நிறுத்திவிட்டு யோசித்தார். "வெளக்குக்கு வெச்ச பேரையே அதுக்கும் வெச்சிருக்கறானா? வெள்ளைக்காரனுக்குப் பேருக்குமா பஞ்சம்?"

இந்தப் பெயர்க் குழப்பம் எங்கள் ஊரை விட்டு அந்தப் பருவம் முழுக்கப் போகவில்லை. அண்ணன் அரிக்கேன் செய்யப் போகிறான் என்று செய்தி பரவியபோது, அவனுக்கு எங்கோ சீமெண்ணெய் கிடைக்க வழி வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நாலைந்து பேர் புட்டியோடு வாசலில் வந்து நின்றார்கள். இல்லை என்று சொன்னதை அவர்கள் நம்பவில்லை. தருவதற்கு மனமில்லை என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்கள்.

சேலத்தில் என்ன நடந்தது என்று அண்ணன் என்னிடம் மட்டும் முழுதாகச் சொன்னான். விமானத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, ஒரு வடக்கத்திச் சிப்பாயைக் காவலுக்கு நிறுத்தியிருந்தார்களாம். கிட்டப் போக முடியாது. ஆனால் விமானத்தின் நிழல் கயிற்றைத் தாண்டி வெளியே விழுந்திருந்தது. அண்ணன் தரையில் மண்டியிட்டு அந்த நிழலை முழம் போட்டு அளக்க ஆரம்பித்துவிட்டான். சிப்பாய் வந்து துரத்தினான். அண்ணனுக்கு இந்தி தெரியாது, அவனுக்குத் தமிழ் தெரியாது. அண்ணன் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்து மிச்ச நிழலை அளந்தான். இரண்டாம் தடவை சிப்பாய் அவனைப் பைத்தியம் என்று முடிவு கட்டிவிட்டான் போலிருக்கிறது. தன் நிழல் குறுக்கே விழாமல் ஒதுங்கி நின்றானாம். அசந்த நேரம் பார்த்து அண்ணன் கையை நீட்டி வால் பக்கத்தை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்திருக்கிறான். இரும்பு என்று நினைத்துத் தட்டியது, முறத்தில் காயவைத்த அப்பளம் மாதிரிச் சத்தம் கொடுத்தது.

"துணி அம்மிணி. வாலு பூராத் துணி. மேல சாயம் பூசியிருக்கறாங்க. நம்மாலயும் செய்ய முடியும்."

அன்று ராத்திரிச் சாப்பாட்டில்தான் அவன் அடுத்த பேச்சை எடுத்தான். ஏரோப்ளேன் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், படித்த பையன்களை விமானத்தைப் பழுதுபார்க்கப் பழக்குகிறார்கள், தான் சேரப்போவதாகச் சொன்னான்.

அப்பா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அம்மா சமாதானம் செய்திருப்பாள். அவர் நிதானமாகக் கேட்டார். "பூமி இருக்கறவன் ஆகாசத்துக்கு எதுக்குடா போறான்?"

அண்ணன் மறுநாளும் அதே பேச்சை எடுத்தான். அதற்கடுத்த நாளும் எடுத்தான். ஒரு வாரம் வீட்டில் சோறு இறங்கவில்லை. கடைசியில் ஒருநாள் சாலையோரத்துக் காபிக் கிளப்பில், பத்துப் பேர் பார்க்க, அப்பா பந்தயம் கட்டிவிட்டார். காபிக் கிளப்காரர் சாட்சி.

"ஏரோப்ளேன் எப்பிடிப் பறக்குதுன்னு உனக்குத் தெரியுமில்ல? நீயே ஒண்ணு செஞ்சு பறக்க உடு. நம்ம கெழக்காலக் கிளுவை வேலியை அது தாண்டட்டும். தாண்டுச்சுன்னா நீ போ, நான் தடுக்க மாட்டேன். தாண்டலீன்னா வார வைகாசில கண்ணாலம். அப்பறம் பட்டாளம்னு வாயைத் தொறக்கப்படாது."

"சரிங்கப்பா" என்றான் அண்ணன்.

காபிக் கிளப்பில் எல்லோரும் அப்பாவின் சாமர்த்தியத்தை மெச்சினார்கள். கட்டையும் துணியும் பறக்காது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எனக்கு அந்தப் பந்தயத்தின் பொருளே புரியவில்லை. பட்டாளத்துக்குப் போவது என்றால் சேலத்துக்குப் போவது மாதிரி, போனால் மறுநாள் மத்தியானம் முட்டி சிராய்த்துக்கொண்டு வந்துவிடுவான் என்றுதான் நினைத்திருந்தேன்.

தோட்டத்துச் சாளையில், கூரை வேய்ந்த கொட்டகையில், வேலை தொடங்கியது. நிஜ விமானத்தில் ஒரு முழம் என்றால் இதில் நாலு விரற்கடை. அதுதான் அண்ணனின் கணக்கு. கொடிக்காலில் வெற்றிலை படர நட்டிருந்த கல்யாண முருங்கையை வெட்டி வந்தான். காய்ந்தால் நெட்டிபோல அவ்வளவு லேசு. மூங்கிலைச் சிம்பு சிம்பாய்ப் பிளந்து, நெருப்பில் காட்டி வளைத்து, விலா எலும்பு மாதிரி வரிசையாக நிறுத்தினான். புளியங்கொட்டையை அரைத்துக் காய்ச்சிய பசை. அது புளித்துப் போய் அடித்த நாற்றத்தை நான் இந்த வயதிலும் முகர முடியும். எங்கள் நாய் அந்தச் சாளைப் பக்கம் வருவதையே விட்டுவிட்டது.

எலும்புக்கூடு நின்றபிறகு அம்மா வந்து பார்த்தாள். கையைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"ஏஞ்சாமி, ஒரு றெக்கை நீளமா இருக்குதே?"

அண்ணன் அளந்தான். ஒரு சாண் நீளமாகத்தான் இருந்தது. சேலத்தில் முதல் இறக்கையை அளந்தது உச்சிவெயிலில். சிப்பாய் துரத்தி, சுற்றிவந்து, மறு இறக்கையை அளப்பதற்குள் பொழுது சாய்ந்து நிழல் நீண்டிருக்கிறது. அது அவனுக்குத் தோன்றவே இல்லை. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து அந்த ஒரு சாண் நீளத்தை அறுத்து எடுத்தான்.

துணி கொடுத்தது அம்மாதான். துவைத்துத் துவைத்து வெங்காயத் தோல் மாதிரி ஆகிப்போன பச்சை நூல் சேலை ஒன்று. கேட்காமலே கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா நம் பக்கம் என்று நான் குதித்தேன். பிறகு ஒருநாள் மாமா வந்திருந்தபோது அவரிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. மாமா அம்மாவின் தம்பி. சேலம் – நாமக்கல் பஸ்ஸில் டிரைவர்.

"நாந்தான் சேலையக் குடுத்தேன். செஞ்சு, பறக்க உட்டு, ஒடைச்சு, ஒரு பாட்டம் அழுதான்னா அதோட ஓஞ்சு போவும். இல்லாட்டி மனசுக்குள்ளயே பறந்துக்கிட்டுத் திரிவான்."

"அதுஞ் சரிதானுங்கக்கா" என்றார் மாமா. அவருக்கு வேறொரு சந்தேகம். பையன் சேலத்தில் யாரோ பெண்ணைப் பார்த்துவிட்டான், விமானம் என்பது சாக்கு என்று அவர் நம்பினார். அண்ணனைத் தனியாகக் கூட்டிப்போய், "யாருன்னு சொல்லு, நான் பேசறேன்" என்று கேட்டிருக்கிறார். அண்ணன், பஸ் டியூப் ஒன்று பழையது கிடைக்குமா என்று கேட்டானாம். மாமா அதைப் பெண்ணின் குடும்பத்தைப் பற்றிய ஜாடை என்று எடுத்துக்கொண்டு, டயர்க்கடைக்காரர் மகளாக இருக்குமோ என்று அம்மாவிடம் வந்து சொன்னார்.

எனக்குக் கிடைத்த வேலை இறக்கையில் வட்டம் போடுவது. துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்துப் பெரிய வட்டம், நடுவில் குங்குமத்தைக் குழைத்துச் சின்ன வட்டம். அழகாகத்தான் வந்தது. காபிக் கிளப்காரர் பார்த்துவிட்டு, "நடுவால செவப்பு வெச்சா அது சப்பான்காரன் ஏரோப்ளேனுங்க. போலீஸ்காரன் பாத்தான்னா ஊரையே அள்ளிட்டுப் போயிருவான்" என்று பயமுறுத்தினார். அதன்மேல் மஞ்சள் பூசினேன். இரண்டும் கலந்து ஒரு மாதிரிச் சந்தனப் பொட்டாகிவிட்டது. சண்டைக்குப் போவதைவிடத் தேர் நோம்பிக்குப் போகிற தோற்றம்தான் அதற்கு இருந்தது.

கடைசியில் ஒரு சிக்கல். இரண்டு இறக்கைக்கும் அடியில் விரலைக் கொடுத்துத் தூக்கினால் வால் தொங்கியது. மூக்கில் கனம் வேண்டும் என்றான் அண்ணன். கூழாங்கல் போட்டால் உள்ளே உருண்டது. மூக்குக்குள் அசையாமல் படுக்கிற மாதிரித் தட்டையாக, கனமாக ஒரு பொருள் வேண்டும். அப்படி ஒன்று வீட்டில் இருந்தது. அப்பாவின் பாக்குவெட்டி. அண்ணன் அதை உள்ளே வைத்து, மேலே கட்டையை ஒட்டி, துணி போர்த்திவிட்டான். விமானம் துலாக்கோல் மாதிரி நேராக நின்றது.

அப்பா வீடெல்லாம் தேடினார். கட்டிலைக் கவிழ்த்தார். வைக்கோற்போரைக் கிளறினார். சவரம் செய்ய வந்தவரிடம், வீட்டுக்கு வந்த உறவுக்காரரிடமெல்லாம் சுற்றிவளைத்து விசாரித்து இரண்டு பேருடைய மனத்தாங்கலைச் சம்பாதித்தார். பிறகு கொட்டைப்பாக்கைக் கடவாயில் வைத்துக் கடிக்க ஆரம்பித்தார். ஒரு பல் ஆட்டம் கண்டது. அந்தக் கோபத்தையும் விமானத்தின் மேல்தான் காட்டினார், அது எவ்வளவு சரியான இலக்கு என்று தெரியாமலே.

முதல் முயற்சி, ஊருக்குப் பின்னால் இருந்த கரட்டுக் குன்றின் மேலிருந்து. அண்ணன் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து பாறை விளிம்பில் விட்டான். விமானம் ஒரு கணம் யோசித்தது. பிறகு தலைகுப்புறக் கீழே போய்ச் சப்பாத்திக் கள்ளிக்குள் சொருகிக்கொண்டது. காற்று எதிர்த்தாற்போல வரவேண்டும், வேகம் போதவில்லை என்றான் அண்ணன். இறக்கையிலிருந்தும் அவன் கையிலிருந்தும் நான் முள் எடுத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அப்பா கேட்காமலே இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டார். கல்யாணத்துக்குக் கூரைப்புடவை எங்கே எடுப்பது என்று அம்மாவிடம் பேசினார்.

இரண்டாம் முயற்சிக்கு மாமா பஸ் கொடுத்தார். பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸின் பின்னால் பெரிய அண்டா மாதிரி ஓர் அடுப்பைக் கட்டி, அதில் கரியை எரித்து, அந்தப் புகையில் ஓட்டினார்கள். உங்களில் பலர் அதில் ஏறியிருப்பீர்கள். ஏறினோம் என்பதைவிட இறங்கித் தள்ளினோம் என்பதே பொருத்தம். எங்கள் தோட்டத்துக்கு எதிரில் சாலை நேராக இருக்கும். அங்கே பஸ்ஸின் பின்னால் கயிற்றைக் கட்டி, மறுமுனையில் விமானத்தைக் கட்டினான் அண்ணன். சக்கரங்கள் கொட்டாங்குச்சியில் செய்தவை.

பஸ் கிளம்பியது. உள்ளேயிருந்து ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க டிரைவர், பொறத்தால என்னமோ கட்டி இழுத்துட்டு வாரீங்களே, அதுக்கும் டிக்கெட்டுங்களா?"

மாமா வேகம் எடுக்கப் பார்த்தார். பஸ் இருமியது. அண்ணன் இறக்கையைப் பிடித்துக்கொண்டு ஓடியவன், பஸ்ஸை முந்திவிடக் கூடாதே என்று நடக்க வேண்டியதாயிற்று. பிறகு அடுப்பு ஒரு பெரிய மூச்சு விட்டது. புகையும் பொறியும் பறந்துவந்து சேலைத்துணியில் உட்கார்ந்தன. இறக்கை புகைய ஆரம்பித்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு மோர்க்காரம்மா பஸ் நிற்கும்வரை காத்திருக்கவில்லை. இறங்கி ஓடிவந்து ஒரு கலயம் மோரை அதன்மேல் கவிழ்த்துவிட்டார். நிஜ யுத்தத்தில் எந்த விமானமாவது மோரால் காப்பாற்றப்பட்டிருக்குமா என்று எனக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் காபிக் கிளப்பில் அப்பா ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். நான் அவர் பக்கத்தில் பெஞ்சியில். காபிக் கிளப்காரர் பித்தளை டம்ளரை வைத்துவிட்டு, அப்பாவைக் குளிர வைப்பதாக நினைத்துக்கொண்டு சொன்னார்.

"பஸ்ஸாலயே ஆகலீங்க. இனி உங்க மாட்டைப் பூட்டித்தான் இழுக்கோணும் போல. மாட்டால ஆகிற காரியமுங்களா இது."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

"எம்மாட்டைப் பத்தி என்ன சொன்னே?"

"இல்லீங்க, ஏரோப்ளேனுக்கு வேகம் வேணுமில்லீங்க. மாடுன்னா மாடுதானுங்களே."

"போன வருசம் பந்தயத்துல எம்மாடு ஓடுனதை நீ பாக்கல?"

"பாத்தேனுங்க. அது மாட்டோட மாடு ஓடுனது. இது வேறயில்லீங்களா."

அப்பா காபியைக் குடிக்காமலே எழுந்துவிட்டார். வழி நெடுக நான் ஓடித்தான் அவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணனைக் கூப்பிட்டார்.

"துணிய ஒட்டிக் காய வையி. நான் ரேக்ளாவைப் பூட்டறேன். எம்மாடு இழுத்தும் அது பறக்கலீன்னா ஒலகத்துல எது இழுத்தாலும் பறக்காது. அப்பறம் ஒரு பேச்சும் பேசப்படாது."

அம்மா கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றாள். "ஏனுங்க, நீங்களேவா ஓட்டப் போறீங்க?"

"வேற எவன் ஓட்டுவான்? எவன் ஓட்டுனாலும் அதுக எனக்கு ஓடற மாதிரி ஓடாது."

அம்மா இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு உலை பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டாள். உலை பொங்கவில்லை. நான் பார்த்தேன்.

கிழக்கே கடலைக்காய் பிடுங்கிய காடு, வெறும் தரையாக இறுகிக் கிடந்தது. அதன் முடிவில் கிளுவை வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்துத் தோட்டக்காரருடைய மேச்சேரி ரகச் செம்மறி ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. காலை வெயில் ஏறி, வேலிப் பக்கமிருந்து நல்ல காற்று வந்துகொண்டிருந்தது. ஊர் முழுக்க வரப்பில் நின்றது. அம்மா வரவில்லை.

கயிற்றின் முனையை வண்டியிலேயே கட்டினால், விமானம் மேலே ஏறினபிறகு கயிறே அதைக் கீழே இழுத்துவிடும் என்றான் அண்ணன். யாராவது வண்டியில் உட்கார்ந்து கையில் பிடித்திருந்து, சரியான நேரத்தில் விட்டுவிட வேண்டும். ரேக்ளா வண்டி ஓர் ஆள் உட்காருகிற சின்ன வண்டி. கனமில்லாத ஆளாக வேண்டும். இப்படித்தான் அது என் கைக்கு வந்தது. வண்டியின் அச்சில் ஒரு சுற்றுச் சுற்றி, முனையை என்னிடம் கொடுத்தான்.

"கையில சுத்திக்காதே. நான் துண்டை வீசுனா உட்டுரு."

நான் பின்னால் பார்த்து உட்கார்ந்தேன். அப்பா முன்னால் பார்த்து உட்கார்ந்தார். என் முதுகு அவர் முதுகில் ஒட்டியிருந்தது. அவர் மனசில் என்ன ஓடியது என்று யாராவது கேட்டால் எனக்குத்தான் தெரியும் என்பேன். அந்த முதுகு எனக்குச் சொன்னது.

முதலில் அவர் மெதுவாகத்தான் ஓட்டினார். கயிறு விறைத்தது. விமானம் கொட்டாங்குச்சிச் சக்கரங்களில் தத்தித் தத்தி வந்தது. அண்ணன் இறக்கையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவந்தான். அந்த வேகத்திலேயே போயிருந்தால் வேலியருகே வண்டி திரும்பியிருக்கும், வைகாசியில் எங்கள் வீட்டில் கல்யாணமும் நடந்திருக்கும். அவருடைய முதுகு தளர்ந்து, சௌகரியமாக இருந்தது. அப்போது வரப்பிலிருந்து காபிக் கிளப்காரருடைய குரல் கேட்டது.

"பஸ்ஸே தேவலாமுங்க போலிருக்குது."

என் முதுகுக்குப் பின்னால் ஒரு பலகை முளைத்த மாதிரி இருந்தது. அப்பா தார்க்குச்சியைத் தொடவில்லை. நாக்கைச் சொடுக்கி, இரண்டு வாலையும் ஒரு தொடு தொட்டார். அவ்வளவுதான். வண்டி என்னை விட்டுவிட்டு முன்னால் போய்விடும் என்று தோன்றியது. சலங்கைச் சத்தம் ஒன்றாகக் கலந்து ஒரே இரைச்சலாகிவிட்டது. புழுதிக்குள் அண்ணன் ஓடுகிற காலும் சிரிக்கிற வாயும் மட்டும் தெரிந்தன. பிறகு அவன் பின்தங்கினான். இறக்கை அவன் கையிலிருந்து நழுவியது.

விமானம் தரையை விட்டு எழும்பியது.

"ஏறிருச்சா?" என்றார் அப்பா, திரும்பாமல். அந்த வேகத்தில் திரும்ப முடியாது.

"ஏறிருச்சுங்கப்பா."

"எத்தன ஒசரம்?"

"ஆள் ஒசரம். இப்ப வேப்பமர ஒசரங்கப்பா."

"பொய் சொல்லாதே அம்மிணி."

"நெசமாலுமேங்கப்பா. நம்ம தலைக்கு மேல வருது."

அவர் நம்பவில்லை. ஆனால் அதே நேரம் எங்கள் மேல் ஒரு நிழல் விழுந்து, எங்களைத் தாண்டி, காளைகளின் முதுகில் ஏறி இறங்கி, தரையில் முன்னே ஓடியது. அப்பா அண்ணாந்து பார்த்தார். எங்கோ பின்னால் அண்ணன் துண்டை வீசினான். நான் கயிற்றை விட்டேன்.

சத்தமே இல்லை. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. இத்தனை நாள் நாறி, உடைந்து, எரிந்து, மோரில் நனைந்த அந்தப் பொருள், பருந்து மிதக்கிற மாதிரி எங்களுக்கு முன்னால் மிதந்தது. அம்மாவின் பச்சைச் சேலை வெயிலில் உள்ளே இருந்த மூங்கில் எலும்பெல்லாம் தெரிய ஒளிர்ந்தது. பிறகு காற்றில் ஒருமுறை குலுங்கி, மெல்ல இறங்க ஆரம்பித்தது. வேலி நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்பா ஓடுகிற ரேக்ளாவில் எழுந்து நின்றுவிட்டார்.

"ஏறு சாமி, ஏறு. உழுந்தறாதே சாமி. இன்னும் ரவையூண்டு. ஏறிரு, ஏறிரு."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். பந்தயத்தில் காளைகளைக் கூப்பிடும் குரல் அது. அதற்கு முன்னும் பின்னும் மகனிடத்தில் அந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

விமானம் வேலியை நெருங்கி, முட்டப்போகிறது என்று எல்லோரும் மூச்சைப் பிடித்தபோது, காற்று அதன் மூக்கை ஒரு சின்னத் தூக்குத் தூக்கியது. அந்தப் பக்கம் போய்விட்டது. ஆடுகள் நாலாபக்கமும் சிதறின. ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் கம்பளியைத் தலைமேல் போட்டுக்கொண்டு குப்புறப் படுத்துவிட்டார்.

அப்பா காளைகளை எப்படி நிறுத்தினார் என்று தெரியாது. கிளுவை முள்ளில் வேட்டி கிழிய வேலிக்குள் நுழைந்து, எல்லோருக்கும் முன்னால் ஓடினார். நான் பின்னால் ஓடினேன். விமானம் மூக்கு உடைந்து கிடந்தது. உடைந்த மூக்கிலிருந்து பாக்குவெட்டி வெளியே எட்டிப் பார்த்தது. அப்பா அதை எடுத்தார், திருப்பிப் பார்த்தார், இடுப்பில் செருகிக்கொண்டார். 

ஊர் வந்து சேர்ந்தது. அண்ணன் கடைசியாக, மூச்சு வாங்க வந்தான். காபிக் கிளப்காரர் அப்பாவின் முகத்தைப் பார்த்தார், அண்ணனின் முகத்தைப் பார்த்தார். தன்னால் வந்த வினை என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். நல்ல மனிதர். அப்பாவுக்கு ஒரு வழி திறந்துவிடப் பார்த்தார்.

"தாண்டுன மாதிரித்தான் இருந்துச்சு. ஆனா வாலு வேலியில ஒரசுச்சுங்களே. நான் பாத்தனே. ஒரசுனா தாண்டுன கணக்கில சேராதுங்க."

ஊரே அப்பாவைப் பார்த்தது. ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். அண்ணன் மறுத்துப் பேசியிருக்க மாட்டான்.

"உனக்குக் கண்ணு இருக்குதா?" என்றார் அப்பா. "ஒரசுச்சாம். வேலிக்கு மேல முழுசா ஒரு மொழம் எடம் இருந்துச்சு. எம்மாடு இழுத்தது ஒரசுமா?"

அண்ணன் போனான். அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கேட்டுக்கொண்டே இருப்பீர்கள். பட்டாளத்தில் அவனை விமானத்தின் பக்கத்திலேயே விடவில்லை. வடக்கே எங்கோ ஒரு கிடங்கில் கம்பளியும் பூட்சும் எடுத்துக் கொடுக்கிற வேலை. யுத்தம் முடிந்து, ஒரு தகரப்பெட்டியும், இந்தியில் நாலைந்து கெட்ட வார்த்தைகளும், டீக்குடிக்கிற பழக்கமுமாகத் திரும்பி வந்தான். பிற்பாடு நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை வைத்தான். இரண்டு பக்கமும் ஒரே நீளம் இருக்கிறதா என்று மூன்று தடவை அளப்பான் என்று அவனிடம் வேலை பார்த்தவர்கள் கேலி பேசுவார்கள். ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்றைய மத்தியானத்தை. விமானம் விழுந்த அந்த மத்தியானம்.

அப்பா கிழிந்த வேட்டியோடு இலைமுன் உட்கார்ந்தார். அண்ணன் இன்னும் வரவில்லை, உடைந்ததைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். அம்மா பரிமாறினாள். அப்பா சோற்றைப் பிசையவே இல்லை. அம்மா வந்து பார்க்கவில்லை என்பதால் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். காளைகள் எப்படி எடுத்த எடுப்பில் பாய்ந்தன, கயிறு எப்படி விறைத்தது, நிழல் எப்படித் தலைக்கு மேல் போனது. இடது கையை விரித்து விமானமாக்கிக்கொண்டார். அது தரையிலிருந்து எழும்பியது. அம்மாவின் முகத்துக்கு நேராக வந்தது. தாழ்ந்தது, குலுங்கியது.

"முட்டப் போவுதுன்னு நெனச்சேன். அப்பத்தான் பாரு, ஒரு தூக்குத் தூக்குச்சு. இப்பிடி. இப்பிடிப் போயி, வேலிக்கு மேல ஒரு மொழம்..."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டிருந்தாள். 

"அப்ப, பையன் போறானுங்களா?" என்றாள்.

அப்பா வாய் திறந்தபடி அவளைப் பார்த்தார். இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. அவருடைய கை மட்டும் விரித்த விரல்களோடு அந்தரத்தில் நின்றது. அதை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.